வில்லும் அம்பும் வீட்டில் இருக்கலாம். சின்னாறு வழியே போகலாமா?

கேள்வி: மறையூர் பக்கம் கரும்பு போட்டிருக்கிறோம். என் மச்சான் டெக்சாஸில் லைசென்ஸ் எடுத்து வில்லால் மான் வேட்டையாடுகிறவர். ஊருக்கு வந்தபோது தன் பழைய காம்பவுண்ட் வில்லையும் (கப்பி வைத்த வில்) ஒரு டஜன் கார்பன் அம்புகளையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அம்புகள் என் கைக்கு நீளமாக இருக்கின்றன. உடுமலையில் தெரிந்த பட்டறையில் கொடுத்து வெட்டலாம் என்றிருக்கிறேன். ராத்திரியில் மிளா மான் வந்து கரும்பைத் தின்கிறது. அதன் மேல் எய்தால் கேஸ் ஆகுமா?

பதில்: ஆகும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கொல்ல முயல்வதும் வேட்டைதான். குறி தப்பினாலும் கேஸ் தப்பாது. மிளா அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது அதிகப் பாதுகாப்புள்ள விலங்குகளின் பட்டியலில் இருக்கிறது. தண்டனை 3 முதல் 7 வருஷம் சிறை, அதோடு குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். பயிரைத் தின்றது என்பதற்காக இந்த அட்டவணை விலங்கைக் கொல்லச் சொல்ல தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கே அதிகாரம் இல்லை. பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவு போதுமே என்று யாராவது சொன்னால், அது காட்டுப்பன்றிக்கு.

வில்லும் அம்பும் வீட்டில் இருப்பது மட்டும் குற்றமாகாது. உங்களை மாட்டிவிடப் போவது அந்த உடுமலைப் பயணம்தான். மறையூர்-உடுமலை ரோடு சின்னாறு சரணாலயத்துக்குள் போகிறது. கேரள எல்லை தாண்டினால் தமிழ்நாட்டின் ஆனைமலை புலிகள் காப்பகம். பொது ரோட்டில் கடந்து போகிறவருக்கு நுழைவு அனுமதி வேண்டாம் என்கிறது 27-ஆம் பிரிவு. ஆனால் ஆயுதத்தோடு நுழைய எழுத்து மூலமான முன் அனுமதி வேண்டும் என்கிறது 31-ஆம் பிரிவு. ஆயுதம் என்பதன் விளக்கத்தில் வில், அம்பு என்று பெயர் சொல்லியே போட்டிருக்கிறார்கள். செக்போஸ்ட்டில் டிக்கியைத் திறந்ததும் 'பட்டறைக்குத்தான் சார்' என்று சொல்லிப் பயனில்லை. இரண்டு மாநிலக் காடு, இரண்டு இடத்திலும் அனுமதி வாங்க வேண்டும்.

அதனால் அம்பைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டாம், கட்டிங் வீலை வீட்டுக்கு வரவழையுங்கள். ஹேக்ஸா வேண்டாம், கார்பன் நார்நாராகப் பிரியும். வேகமாகச் சுழலும் மெல்லிய வீல்தான் சரி. தூசி நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் போடுங்கள். குட்டையாக வெட்ட வெட்ட அம்பு விறைப்பாகும், உங்கள் வில்லின் இழுவிசைக்கு எது பொருந்தும் என்று மச்சானிடம் கேட்டுக்கொண்டு வெட்டுங்கள்.

எத்தனை அங்குலம் வெட்டினாலும் சட்டத்துக்குக் கவலையில்லை. முனையில் என்ன திருகியிருக்கிறது என்பதைத்தான் அரசு வக்கீல் பார்ப்பார். பலகையில் எய்து பழகும் தோட்டா வடிவ முனை விளையாட்டைக் காட்டும். பிளேடு வைத்த பிராட்ஹெட் முனை வேட்டைக்கென்றே செய்தது. கரும்புக் காட்டோரம் ராத்திரியில் அதோடு நின்றால் உங்கள் நோக்கத்தை நிரூபிக்க வேறு சாட்சி தேவைப்படாது. மச்சான் பிராட்ஹெட் கொடுத்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் கரும்பு. வனவிலங்குகளால் வரும் பயிர்ச் சேதத்துக்கு 1980-ஆம் ஆண்டின் கேரள இழப்பீட்டு விதிகளின்படி பணம் கேட்கலாம். மிதிபட்ட இடத்தைச் சுத்தம் செய்யும் முன்பே தேதி தெரியும்படி போட்டோ எடுத்து, வனத்துறை ரேஞ்ச் ஆபீஸில் மனு கொடுங்கள். மனு நகலில் சீல் போட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.