சுறாப்புட்டு வேண்டாம், நெத்திலி வேண்டும்: மீனில் உள்ள பாதரசம் பற்றிக் கேள்வி பதில்

உணவுச் சோதனைக்கூடத்தில் மீன், இறால், மருந்துப் பொடி என்று கைக்கு வந்ததில் எல்லாம் உலோகம் அளந்து ஓய்வு பெற்றவள் நான். மீன் சாப்பிட்டால் பாதரசம் ஏறும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியதிலிருந்து, சிங்கப்பூரின் பல பேட்டைகளிலிருந்தும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. உடம்பு சரியில்லை என்றால் பலதுறை மருந்தகத்துக்குத்தான் போகவேண்டும்.

செங்காங்கிலிருந்து: அக்கா, எனக்கு நாலு மாசம். பிள்ளைக்கு மூளை நன்றாக வளரும், தினமும் மீன் சாப்பிடு என்கிறார் மாமியார். மீனையே தொடாதே என்கிறாள் ஆபீஸ் தோழி. யார் சொல்வதைக் கேட்பது?

மாமியார் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் தினமும் வேண்டாம், மீனையும் நீங்கள் தேர்ந்தெடுங்கள்.

நிலக்கரி எரிப்பது, சிறு தங்கச் சுரங்கங்கள், எரிமலை எல்லாம் காற்றில் விடும் பாதரசம் கடைசியில் கடலுக்கு வந்து சேர்கிறது. அங்கே சேற்றிலும் நீரிலும் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. இந்த வடிவம்தான் ஆபத்து. மிதவை உயிரி அதை உறிஞ்சும், அதைச் சின்ன மீன் தின்னும், சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும். ஒவ்வொரு படியிலும் அளவு ஏறிக்கொண்டே போகும். அதனால் பல வருஷம் வாழ்ந்து, மற்ற மீன்களை வேட்டையாடித் தின்னும் பெரிய மீனில் நிறைய இருக்கும். கொஞ்ச காலமே வாழும் நெத்திலியில் இருப்பது மிகக் கொஞ்சம்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் சராசரிக் கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ சுறாவில் கிட்டத்தட்ட 1 மில்லிகிராம், வாள்மீனிலும் அதே அளவு. நெத்திலியில் 0.02க்கும் குறைவு. சால்மனில் 0.02. இறாலில் 0.01. அதாவது சுறாவுக்கும் நெத்திலிக்கும் ஐம்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். இரண்டையும் "மீன்" என்ற ஒரே பேரில் போட்டுப் பயப்படுவதுதான் உங்கள் தோழி செய்யும் தப்பு.

கர்ப்பத்தில் இது ஏன் முக்கியம் என்றால், மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையின் மூளை வரை போகும். வளரும் மூளைக்கு அது அம்மாவின் மூளையைவிட அதிகம் கெடுதல் செய்யும். அதே மீனில்தான் மூளைக்கு வேண்டிய ஒமேகா 3 கொழுப்பும் அயோடினும் இருக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் 2010இல் கூட்டிய நிபுணர் குழு இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தது. பெரும்பாலான சூழ்நிலைகளில், மீன் சாப்பிடாத அம்மாவைவிடச் சாப்பிடும் அம்மாவின் பிள்ளைக்குத்தான் மூளை வளர்ச்சியில் நன்மை என்று சொன்னது.

வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை, அதாவது உள்ளங்கை அளவுத் துண்டு இரண்டு மூன்று வேளை, கர்ப்பிணிகளுக்குச் சொல்லும் அளவு. நெத்திலி, மத்தி, கெம்போங் என்று இங்கே விற்கும் கானாங்கெளுத்தி, சால்மன், திலாப்பியா, இறால், கணவாய் எல்லாம் தாராளமாக. சுறா, வாள்மீன், மார்லின், பெரிய சூரை (டூனா) வேண்டாம். பிரசவம் முடிந்து பால் கொடுக்கும் காலத்திலும் இதே கணக்குதான்.

ஈசூனிலிருந்து: எனக்கு அடுத்த மாசம் பிரசவம். நாகப்பட்டினத்திலிருந்து அம்மா வருகிறார். பால் சுரக்கப் பால்சுறாப் புட்டுதான் செய்வேன் என்று இப்போதே சொல்கிறார். தேக்கா சந்தையில் குட்டிச் சுறா கிடைக்கிறது. சாப்பிடலாமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. எனக்கும் சுறாப்புட்டு பிடிக்கும், அதனால் மனசில்லாமல்தான் சொல்கிறேன்: பத்தியத்தில் வேண்டாம்.

குட்டிச் சுறாவில் பெரிய சுறாவைவிடக் குறைவாக இருக்கும், அது உண்மை. ஆனால் சந்தையில் தோலுரித்துத் துண்டு போட்டு வைத்திருப்பது எந்தச் சுறா, எத்தனை வயசு என்று விற்கிறவருக்கே தெரியாது. கணக்கும் பாருங்கள். 2003இல் சர்வதேச நிபுணர் குழு மெத்தில் பாதரசத்துக்கு வைத்த வரம்பு, உடல் எடை கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 96 மைக்ரோகிராம். சராசரிச் சுறாவில் 100 கிராம் சாப்பிட்டாலே கிட்டத்தட்ட 100 மைக்ரோகிராம், அந்த வாரக் கணக்கு முடிந்தது. பத்தியத்தில் ஒரு நாளா சாப்பிடுவோம்? புட்டை ஒரு தட்டு வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று அம்மா மறுபடி வைப்பார்.

தாய்ப்பாலில் இறங்குவது, நஞ்சுக்கொடி வழியாகப் போவதைவிடக் குறைவுதான். ஆகையால் ஏற்கெனவே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டவர்கள் பதற வேண்டாம். பால் சுரப்பதற்கு முக்கியமானது பிள்ளை அடிக்கடி குடிப்பது, அம்மாவுக்குத் தூக்கம், தண்ணீர், வயிறார உணவு. சுறாவுக்குத் தனியாக ஒரு மந்திரம் கிடையாது.

அம்மாவிடம் சண்டை போடாமல் இப்படிச் செய்யுங்கள். கொடுவாயை வேகவைத்து முள் எடுத்து உதிர்த்து, அதே பூண்டு, சின்ன வெங்காயம், மிளகு, சோம்பு போட்டுப் புட்டாக்கச் சொல்லுங்கள். இங்கே பண்ணையில் வளரும் கொடுவா நல்ல சதைப்பற்றோடு கிடைக்கிறது. உதிர்ந்தபின் பூண்டு வாசத்தில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. சுறாவின் அந்த நார்நாரான பதம் வராது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

தெம்பினிஸிலிருந்து: அமெரிக்கப் பட்டியலில் கிங் மேக்கரல் கூடாது என்று போட்டிருக்கிறது. அது நம்ம வஞ்சிரம்தானே? வஞ்சிரம் இல்லாமல் எப்படி வாழ்வது மேடம்?

வாழலாம். ஆனால் அந்த நிலைமை வரவில்லை. அமெரிக்காக்காரர்கள் சொல்வது அட்லாண்டிக் கடலில் கிடைக்கும் ஓர் இனம். இங்கே தெங்கிரி, பாத்தாங் என்று விற்பது இந்தியப் பெருங்கடல், பசிபிக் பக்கத்து இனம். ஒரே குடும்பத்து உறவு, ஒரே மீன் இல்லை. இருந்தாலும் இதுவும் மீனைத் தின்னும் மீன்தான், பெரிதாக வளரும். நான் செய்வது இது: பெரிய மீனிலிருந்து வெட்டிய அகலத் துண்டை விட்டுவிட்டு, சின்ன மீனாகப் பார்த்து வாங்குவேன். வாரம் ஒரு வேளை. கர்ப்பிணியும் சின்னப் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் அதையும் குறைத்துக்கொள்ளலாம். மீன் சூப் கடையிலும் பெரும்பாலும் பாத்தாங் துண்டுதான் போடுவார்கள், அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து: மஞ்சள், உப்பு போட்டு நாலு தண்ணீர் அலசி, புளி ஊற்றிக் கொதிக்கவைத்தால் பாதரசம் போய்விடுமா?

போகாது. மெத்தில் பாதரசம் மீனின் தசைப் புரதத்தோடு பிணைந்திருக்கிறது. கழுவினாலும், பொரித்தாலும், தோலையும் கொழுப்பையும் நீக்கினாலும் அது அங்கேயேதான் இருக்கும். வறுக்கும்போது தண்ணீர் வற்றுவதால் கிராம் கணக்கில் பார்த்தால் கொஞ்சம் கூடத்தான் செய்யும். மஞ்சளும் உப்பும் கவிச்சிக்கு மட்டும்.

பொங்கோலிலிருந்து: அக்கா, ஜிம்முக்குப் போகிறேன், 70 கிலோ எடை. புரோட்டீனுக்காக ஒரு நாளைக்கு ரெண்டு டின் டூனா. ஒரு வருஷமாச்சு. ஆபத்தா?

தம்பி, டின்னைத் திருப்பி என்ன மீன் என்று படியுங்கள். ஸ்கிப்ஜாக் என்றால் சின்ன வகை, கிலோவுக்குச் சுமார் 0.13 மில்லிகிராம். அல்பகோர், வெள்ளை டூனா என்றால் 0.35. உங்கள் எடைக்கு வார வரம்பு 112 மைக்ரோகிராம். வடித்த டின் ஒன்றில் 100 கிராம் மீன் என்று வைத்தால், நாளுக்கு இரண்டு ஸ்கிப்ஜாக் வாரத்தில் 180ஐத் தாண்டுகிறது. அல்பகோர் என்றால் 490.

வளர்ந்த ஆண்களுக்கு அந்த வரம்பில் கொஞ்சம் தளர்வு உண்டு. சுமார் இரண்டு மடங்கு வரை நரம்புக்கு ஆபத்தில்லை என்று, 2003இல் வரம்பு வைத்த அதே குழு 2006இல் விளக்கியது. ஆக ஸ்கிப்ஜாக் என்றால் நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள், அல்பகோர் என்றால் தாண்டிவிட்டீர்கள். உடம்பில் சேர்ந்த மெத்தில் பாதரசம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 50 நாள் ஆகும். தினமும் சாப்பிட்டால் மாசக்கணக்கில் ஏறி ஓர் அளவில் போய் நிற்கும். நிறுத்தினால் அதே வேகத்தில் தானாக இறங்கும். வாரத்துக்கு மூன்று டின்னோடு நிறுத்துங்கள். மீதிக்கு முட்டை, கோழி, தௌக்வா (கெட்டி டோஃபு), பருப்பு இருக்கிறதே. உதட்டைச் சுற்றியோ விரல் நுனியிலோ மரத்துப்போகிற மாதிரி இருந்தால் டாக்டரிடம் டூனாக் கதையை மறக்காமல் சொல்லுங்கள்.

அதே தம்பி மறுபடி: ரத்தப் பரிசோதனை செய்யலாமா? கொத்தமல்லிச் சாறு குடித்தால் இறங்குமாமே?

முழு ரத்தத்தில் அளப்பது சரியான பரிசோதனை. தலைமுடியிலும் அளக்கலாம். முடி மாசம் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், போன மாசங்களின் கணக்கும் அதில் பதிந்திருக்கும். சிறுநீர்ப் பரிசோதனை மீன் பாதரசத்துக்கு உதவாது. கொத்தமல்லி ரசத்துக்கு நல்லது, பாதரசத்தை இறக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பாசி மாத்திரைக்கும் இதே பதில். உலோகம் நீக்கும் ஊசி போடுகிறேன் என்று யாராவது சொன்னால் காசை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

பிடோக்கிலிருந்து ஒரு பெரியவர்: நாங்கள் கடற்கரை ஊரில் பிறந்து தினமும் மீன் தின்றுதான் வளர்ந்தோம். எனக்கு 74 வயசு. ஒன்றும் ஆகவில்லை. இதெல்லாம் இந்தக் காலத்துப் பயம் அம்மா.

ஐயா, நீங்கள் சின்ன மீனாகச் சாப்பிட்டிருப்பீர்கள். உங்கள் வயசில் மீனை நிறுத்தச் சொல்ல மாட்டேன், இதயத்துக்கு அது நல்லது.

ஆனால் பயம் புதுசு இல்லை. ஜப்பானின் மினமாட்டாவில் சிஸ்ஸோ என்ற ரசாயனத் தொழிற்சாலை தன் கழிவை விரிகுடாவில் விட்டது. அதில் மெத்தில் பாதரசம் இருந்தது. மீனவர் வீட்டுப் பூனைகள் வலிப்பு வந்து துள்ளிச் செத்தன. பிறகு மனிதர்களுக்குக் கை நடுங்கியது, பார்வை குறுகியது, நடை தள்ளாடியது. 1956 மே மாசம் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. கழிவு நின்றதோ 1968இல்தான். அம்மாவுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாமல், பிள்ளை மட்டும் கடும் மூளைப் பாதிப்போடு பிறந்த வீடுகள் அங்கே இருந்தன. உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உங்கள் மருமகளின் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குச் சான்று ஆகாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சாதாரணக் கடல் மீனில் அந்த அளவு இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பரோ தீவுகளில் பைலட் திமிங்கலக் கறி சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளிடம் நினைவாற்றல், மொழி போன்றவற்றில் சிறு குறைபாடு தெரிந்தது. சேஷெல்ஸில் வாரம் பன்னிரண்டு வேளை மீன் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளிடம் அப்படித் தெளிவான பாதிப்பு தெரியவில்லை. திமிங்கலத்தில் நஞ்சு அதிகம், மீனில் நல்லதும் கூடவே இருக்கிறது. எதைச் சாப்பிட்டார்கள் என்பதில்தான் விஷயம்.

தோ பாயோவிலிருந்து: மீன் தலைக் கறி?

சாப்பிடுங்கள். கேரளத்திலிருந்து வந்த கோமஸ் என்பவர் 1949இல் இங்கே கடை போட்டு விற்க ஆரம்பித்தது என்று சொல்வார்கள். நாம் உலகத்துக்குக் கொடுத்த பண்டம், அதை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. பெரும்பாலும் ஈக்கான் மேரா என்ற சிவப்பு மீனின் தலைதான் போடுகிறார்கள். அந்த வகை மீனில் கிலோவுக்குச் சுமார் 0.17 மில்லிகிராம், நடுத்தரம். ஒரு தலையை நாலைந்து பேர் பங்கு போடுகிறோம், ஆளுக்குக் கிடைப்பது கன்னத்துச் சதை கொஞ்சம். களவா தலை என்றால் இன்னும் கூடுதல், எப்போதாவது போதும். அந்தக் குழம்பின் உப்பைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவேன்.

சுவா சூ காங்கிலிருந்து: ஒரு வயசுப் பிள்ளைக்கு நெத்திலிப் பொடியும் காலா மீன் கஞ்சியும் கொடுக்கிறேன். சரியா?

மிகச் சரி. மூன்று வயசு வரை ஒரு வேளைக்கு 30 கிராம் மீன், வாரம் இரண்டு வேளை என்பது பொதுக் கணக்கு. நெத்திலியை அரைக்குமுன் உப்புப் போக ஊறவைத்துக் கழுவுங்கள். காலாவை மட்டுமே கொடுக்காமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

அங் மோ கியோவிலிருந்து: ஊரிலிருந்து பாதரசம் சேர்ந்த பற்பம் என்ற சித்த மருந்துப் பொடி வாங்கி வருகிறார் மாமா. அதுவும் இதுவும் ஒன்றா?

வேறு வடிவம், வேறு ஆபத்து. சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. என்ன இருக்கிறது என்று எழுதாத பொட்டலத்தை வாயில் போடாதீர்கள்.

ஜூரோங்கிலிருந்து: கருவாடு பற்றி ஒரு வார்த்தை அக்கா.

காயும்போது தண்ணீர் மட்டும்தான் போகும், பாதரசம் போகாது. அதனால் அதே எடைக்கு, கருவாட்டில் பச்சை மீனைவிட இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம். நெத்திலிக் கருவாட்டில் மும்மடங்கானாலும் சின்ன எண்தான். சுறாக் கருவாடு அப்படி இல்லை, பிள்ளை பெறும் வயசுப் பெண்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் அதை வாங்காமல் இருப்பது நல்லது. ரத்த அழுத்தம் இருப்பவர்கள் எந்தக் கருவாட்டையும் உப்புக்காக அளந்துதான் சாப்பிடவேண்டும்.