கீழ்நிலை வேலையில் இருந்தால் டிமென்ஷியா வருமா?

கேள்வி: எனக்கு வயது 52. பள்ளிப் படிப்போடு நின்றுவிட்டேன். தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் பிரிவில் நெடுங்காலமாக வேலை. இயந்திர இரைச்சலும் இரவு ஷிப்டும் உண்டு. கீழ்நிலை வேலையில் இருப்பவர்களுக்கு டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் படிப்படியாகக் குறையும் மறதி நோய்) அதிகம் வரும் என்று படித்தேன். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: அந்தப் பயத்துக்காக விட வேண்டாம். வருமானமும் சக தொழிலாளர்களோடு உள்ள பழக்கமும் ஒருசேர அறுந்துபோனால், தனிமையே இன்னோர் ஆபத்துக் காரணியாகிவிடும்.

நீங்கள் படித்தது பொய்யல்ல. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2021-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வில், சிந்தனைக்கு வேலை கொடுத்து, சொந்தமாக முடிவெடுக்கவும் இடம் தந்த பணிகளில் இருந்தவர்களிடையே ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 4.8 என்றிருந்த டிமென்ஷியா, அந்த வாய்ப்புக் குறைந்த பணிகளில் இருந்தவர்களிடையே 7.3 ஆக இருந்தது. கல்வி வேறுபாட்டைக் கணக்கில் கொண்ட பிறகும் இடைவெளி முழுவதும் மறையவில்லை. ஆனாலும் இரண்டுமே சிறிய எண்கள்தாம் என்பதைக் கவனியுங்கள். பயமுறுத்தும் தலைப்புகள் இதைச் சொல்வதில்லை.

பதவியின் பெயர் மூளையைத் தொடுவதில்லை. அந்தப் பதவியோடு சேர்ந்து வரும் சிந்தனைக்கு வேலை குறைவது, தூக்கக் குறைவு, இரைச்சல், மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுதல் போன்றவையே காலப்போக்கில் ஆபத்தைக் கூட்டக்கூடும்; இவற்றில் பலவற்றை உங்களால் மாற்ற முடியும். டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதம், மாற்றக்கூடிய 14 காரணிகளோடு தொடர்புடையது என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் 2024-இல் மதிப்பிட்டது. கேள்திறன் குறைவு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மூன்றும் அந்தப் பட்டியலில் உள்ளன. எனவே முதலில் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பணியிடத்தில் காதுக் கவசம் கேட்டு வாங்குங்கள். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பாருங்கள்.

தூக்கத்தை நான் சற்றுக் கண்டிப்பாகவே சொல்வேன். பிரிட்டிஷ் அரசு ஊழியர்களை 1985 முதல் கவனித்துவரும் ஆய்வில், 50 முதல் 70 வயது வரை தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ உறங்கியவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. இரவு ஷிப்டைக் குறைக்கவோ பகல் ஷிப்டுக்கு மாறவோ வழியிருந்தால், சம்பள இழப்பையும் எண்ணிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். அடுக்கும் வேலையோடு சரக்குக் கணக்கு, புதியவர்களுக்குப் பயிற்சி என்று எதையாவது ஏற்க முடிந்தால் நல்லது. பெட்டி தூக்குவதையே உடற்பயிற்சி என்று எண்ணிவிடாதீர்கள். ஓய்வு நேர நடைப்பயிற்சியின் பலனைக் கடும் உடலுழைப்பு தருவதாக ஆய்வுகள் காட்டவில்லை.

பெயர் சட்டென நினைவுக்கு வராதது இந்த வயதில் சாதாரணம். பழகிய வேலையின் வரிசை குழம்புவது, தெரிந்த வழியில் தடுமாறுவது போன்றவை தொடர்ந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு போன்ற சிகிச்சைக்கு உட்படும் காரணங்களை அவர் முதலில் சோதிப்பார்.