பழைய வெள்ளி டாலருக்குப் புளி வேண்டாம்

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். மறைந்த என் மாமனாரின் பிஸ்கட் டப்பாவில் 1889, 1921 ஆண்டு வெள்ளி டாலர்கள், 1964 கென்னடி அரை டாலர் இரண்டு, 1943இன் வெள்ளை நிற ஒரு சென்ட் கிடைத்தன. எல்லாம் கறுத்துக் கிடக்கின்றன. புளி போட்டுத் தேய்த்துவிட்டு விற்கலாமா? எவ்வளவு தேறும்?

பதில்: தேய்க்காதீர்கள் அம்மா. புளி, விபூதி, பற்பசை எதுவுமே வேண்டாம். தேயாத வெள்ளி டாலரை விளக்கடியில் சாய்த்துத் திருப்பினால், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல ஒளிக்கோடுகள் சுற்றி வரும். அச்சு அடிக்கும்போது உலோகத்தின் மேல் விழுந்த நுண்ணிய வரிகளின் வேலை அது. ஒரு தடவை தேய்த்தால் அது போய்விடும், திரும்ப வராது. பளபளவென்று தேய்த்த டாலர்களைப் பெருமையோடு என்னிடம் நீட்டுவார்கள். விலை பாதியாகிவிட்டது என்று சொல்ல எனக்கு வாயே வராது.

முதலில் 1889ஐ எடுங்கள். விளிம்பைப் பிடித்துப் பின்பக்கம் திருப்புங்கள். கழுகுக்குக் கீழே இலை வளையம், அதன் முடிச்சுக்கு அடியில், ‘டாலர்’ என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளுக்கு மேலே பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் பிலடெல்பியாவில் அடித்தது. அந்த ஆண்டில் மட்டும் 2 கோடிக்கு மேல் அடித்தார்கள். தேய்ந்திருந்தால் வெள்ளி விலையோடு கொஞ்சம் கூடக் கிடைக்கும், அவ்வளவுதான். ‘சிசி’ என்று இரட்டை எழுத்து இருந்தால் கதையே வேறு. அது நெவாடாவின் கார்சன் சிட்டியில் அடித்தது, மொத்தம் 3,50,000 காசுகள்தான். நன்றாகத் தேய்ந்ததுகூடப் பல நூறு டாலர் போகும். அதனாலேயே எழுத்தை ஒட்டவைத்த போலிகளும் உலவுகின்றன.

வயது கூடினால் விலை கூடும் என்று நம்பிவிடாதீர்கள். உங்கள் 1921இலேயே இரண்டு வகை உண்டு. கழுகு சிறகை விரித்திருந்தால் அது மார்கன் டாலர். 1918ஆம் ஆண்டுச் சட்டப்படி 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கிவிட்டு, அதை ஈடுகட்ட 1921இல் அடித்துக் குவித்தார்கள். பிலடெல்பியாவில் மட்டும் 4.4 கோடி. கழுகு சிறகை மடக்கிப் பாறைமேல் உட்கார்ந்திருந்தால் ‘பீஸ்’ டாலர். அந்த ஆண்டில் அது சுமார் 10 லட்சம்தான். இதற்கு நல்ல கிராக்கி.

இரண்டையும் நகைத் தராசில் வையுங்கள். 26.73 கிராம் இருக்க வேண்டும். தேய்ந்ததில் சற்றுக் குறையலாம். ஒரு கிராம், இரண்டு கிராம் என்று விலகினாலோ காந்தத்தில் ஒட்டினாலோ போலி.

கென்னடி அரை டாலர் ஒவ்வொன்றிலும் 11.25 கிராம் வெள்ளி உண்டு. அன்றைய வெள்ளி விலையைப் பார்த்து விற்கலாம். 1943 சென்ட், போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. 100 கோடிக்கும் மேல் வந்தது. பேரனுக்குக் கொடுங்கள்.

இணையத்தில் விலை பார்க்கும்போது ஒருவர் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த தொகையைப் பாருங்கள். ‘சிசி’யோ ‘பீஸ்’ டாலரோ கையில் இருந்தால் காசைச் சோதித்துத் தரம் சொல்லும் நிறுவனங்களான பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசியிடம் அனுப்பித் தரச்சான்று வாங்கிய பிறகே விலை பேசுங்கள். மற்றவற்றுக்கு அந்தக் கட்டணம் தண்டம். அதுவரை மெத்தென்ற பிவிசி உறையில் போடாதீர்கள், பச்சையாகப் பிசுபிசுக்கும். காகித அட்டை உறை போதும்.