பபுள் பாபுளில் 20ஆம் ரவுண்டுவரை ஒரு லைஃபும் போகாமல் ஆடுவது எப்படி?

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் தைப்பூச விடுமுறை முழுக்கத் தம்பியோடு ஆடியும் ரகசியக் கதவைப் பார்க்க முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். குமிழி ஊதும் டிராகனாக ஆடி, எதிரிகளைக் குமிழியில் அடைத்து உடைக்கிற வீடியோ கேம் இது. ஜப்பானிய நிறுவனமான டைட்டோவின் இந்த 1986ஆம் வருட ஆட்டத்தில் அந்தக் கதவு 20, 30, 40ஆம் ரவுண்டுகளில் வரும். அதுவரை ஒரு லைஃபும் போயிருக்கக் கூடாது. உள்ளே வைரங்கள் கொட்டிக் கிடக்கும்.

முதலில் ஜம்ப் பட்டனைச் சரிசெய்யுங்கள். குமிழியின் மேல் இறங்கும்போது பட்டனை அழுத்தியபடியே வைத்திருந்தால் டிராகன் அதன்மேல் துள்ளும். கையை எடுத்தால் குமிழி உடைந்து நீங்கள் கீழே போவீர்கள். பட்டனைத் தட்டித் தட்டி ஆடுகிறவர்கள் எதிரியின் தலையில் போய் விழுவது இதனால்தான்.

அடைத்த எதிரியை அப்போதே உடைக்க வேண்டாம். ஒவ்வொரு ரவுண்டிலும் கண்ணுக்குத் தெரியாத காற்று குமிழிகளை ஓரிடத்துக்குத் தள்ளும். அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் காத்திருங்கள். தொட்டுக்கொண்டிருக்கும் குமிழிகளில் ஒன்றை உடைத்தால் மற்றவையும் உடையும். ஒரு எதிரிக்கு 1,000, இரண்டுக்கு 2,000, மூன்றுக்கு 4,000 என்று இரட்டித்துப்போய் ஏழுக்கு 64,000. குறைந்தது மூன்று எதிரிகளைச் சேர்த்து உடைத்தால்தான் 'EXTEND' (எக்ஸ்டெண்ட்) என்ற சொல்லின் ஓர் எழுத்துள்ள குமிழி கிடைக்கும். ஆறு எழுத்தும் சேர்ந்தால் ஒரு லைஃப் கூடும், ரவுண்டும் முடிந்துவிடும்.

ஆனால் பேராசை வேண்டாம். குமிழி சிவந்துவிட்டால் எதிரி வெளியே வரப்போகிறது. வந்தால் கோபத்தோடு, முன்பைவிட வேகமாக ஓடும். தனியாக மிஞ்சுகிற கடைசி எதிரிக்கும் இதே கோபம் வரும். பெரும்பாலான லைஃப் இங்கேதான் போகிறது. அதனால் கடைசி இரண்டையும் அடைத்துச் சேர்த்தே உடையுங்கள். ரவுண்டை முடிக்க நேரமானால் 'ஹரி அப்' என்ற எச்சரிக்கை வரும். அதன்பின் வரும் வெள்ளைப் பேயைக் குமிழியில் அடைக்கவே முடியாது. குறுக்காகவும் நெடுக்காகவும் மாறி மாறி நகரும், சாய்வாக வராது. அது நெடுக்கே நகரும் நேரத்தில் பக்கவாட்டில் ஓடிவிடுங்கள்.

தம்பி மேல்தட்டு, நீங்கள் கீழ்த்தட்டு என்று பிரித்துக்கொள்வது நல்லது. தனியாக 100 ரவுண்டு முடித்தாலும் அது உண்மையான முடிவு அல்ல. ஆட்டமே அப்படிச் சொல்லிவிடும்.

மின்னல் குமிழியை மட்டும் எல்லோரும் தவறாக உடைக்கிறார்கள். நீங்கள் பார்க்கும் திசைக்கு நேர் எதிரே மின்னல் பாயும். எதிரிக்கு முதுகைக் காட்டி உடையுங்கள். இப்போதே பழகிக்கொள்ளுங்கள், 100ஆம் ரவுண்டின் பெரிய எதிரியைச் சாய்ப்பதும் இந்த மின்னல்தான்.