வயதாகிவிட்டது என்பதற்காக உணவை மாற்ற வேண்டுமா?

கேள்வி: டாக்டர், எங்கள் நாய் சிட்டு பொமரேனியன் வகை. 12 வயது முடிந்துவிட்டது. பல வருடங்களாக ஒரே உலர் உணவுதான் கொடுக்கிறோம், வயிற்றுக் கோளாறு என்று எதுவும் வந்ததில்லை. கொஞ்ச நாளாகக் கிண்ணத்தில் பாதியை மிச்சம் வைக்கிறாள். வாயில் எடுத்ததைக் கீழே போட்டுவிட்டு மறுபடி எடுக்கிறாள். போன வருடம் 5 கிலோ இருந்தவள் இப்போது நாலரை கிலோ. வயதான நாய்களுக்கென்று விற்கும் சீனியர் உணவுக்கு மாற்றாவிட்டால் கிட்னி கெட்டுவிடும் என்கிறாள் தங்கை. ஒத்துக்கொண்டதை ஏன் மாற்ற வேண்டும் என்கிறார் கணவர். நான் என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள் அம்மா. முதலில் சிட்டுவின் வாயைப் பார்க்க வேண்டும்.

எடுத்ததைக் கீழே போடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் நான் நின்று படித்த இடம் அதுதான். பசி இருக்கிறது, கடிக்க முடியவில்லை என்றால் நாய் அப்படித்தான் செய்யும். சின்ன நாய்களுக்குத் தாடை சிறியது, பற்கள் நெருக்கமாக இருக்கும். இடுக்கில் காரை படிந்து, ஈறு வீங்கி, வேர் வரை சீழ் பிடித்திருந்தாலும் அவை முனகுவதில்லை. ஒரு பக்கமாக மெல்லும், அல்லது மெல்லாமலே விழுங்கும். உதட்டை மெதுவாகத் தூக்கிக் கடைவாயைப் பாருங்கள். பழுப்புக் காரை, ஈறு ஓரத்தில் சிவப்பு, வாயில் கெட்ட நாற்றம் இருந்தால் காரணம் பாதி தெரிந்துவிட்டது. ஆனால் வேரில் என்ன நடக்கிறது என்பது மயக்க மருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். இந்த வயதில் மயக்க மருந்தா என்று பயப்படுவீர்கள். இதயத்தையும் ரத்தத்தையும் முன்கூட்டியே பரிசோதித்துவிட்டுக் கொடுப்பார்கள். வயதை மட்டும் காரணம் காட்டி வலியோடு விட்டுவிடக் கூடாது.

அப்புறம், அந்த அரை கிலோ. நமக்கு அரை கிலோ ஒன்றுமில்லை, அவளுக்கு அது உடம்பில் பத்தில் ஒரு பங்கு. அதனால் வாயோடு நிறுத்தாமல் ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை இரண்டையும் செய்யச் சொல்லுங்கள். சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை எல்லாம் அதில் ஓரளவு தெரிந்துவிடும். போவதற்கு முன் ஒரு நாள் தண்ணீரை அளந்து வையுங்கள். ஒரு நாளில் ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது சிட்டு 450 மில்லியைத் தாண்டிக் குடிக்கிறாள் என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

உங்கள் தங்கையின் பயம் எனக்குப் புரிகிறது, வழக்கமான உணவில் இருக்கும் புரதம் வயதான நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுமோ என்று பலரும் கேட்பதுதான். ஆரோக்கியமான நாய்க்குப் புரதத்தால் சிறுநீரகம் கெடுவதில்லை. வயதாக ஆகத் தசை கரையும், அதனால் நல்ல புரதம் முன்பைவிட அவசியம். தொடையையும் முதுகெலும்பையும் தடவிப் பாருங்கள், எலும்பு முன்பைவிடக் கூர்மையாகத் தட்டுப்பட்டால் தசை குறைந்திருக்கிறது. சிறுநீரக நோய் இருப்பது பரிசோதனையில் உறுதியானால் கதை வேறு. அப்போது பாஸ்பரஸ் குறைந்த, புரதம் அளவோடு இருக்கும் மருத்துவ உணவை டாக்டர் எழுதித் தருவார். அது கடையில் கிடைக்கும் சீனியர் பாக்கெட் இல்லை.

அந்த பாக்கெட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உலகெங்கும் பல நிறுவனங்கள் பின்பற்றும் அமெரிக்காவின் ஆஃப்கோ (AAFCO) என்ற விலங்கு உணவுத் தர அமைப்பின் அளவுகோலில் வளரும் பருவம், வளர்ந்த நாய் என்று இரண்டு பிரிவுதான் உண்டு. முதிய நாய்க்கென்று தனிப் பிரிவு கிடையாது. ஆகவே சீனியர் என்று அச்சிட்ட இரண்டு பாக்கெட்டுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். சிலவற்றில் உடம்பு போடாமல் இருக்கக் கலோரியைக் குறைத்திருப்பார்கள். இளைத்துக்கொண்டிருக்கும் சிட்டுவுக்கு அதைக் கொடுத்தால் இன்னும் இளைப்பாள். எனக்குக் கவலையே அதுதான்.

பரிசோதனை முடியும் வரை இப்போதைய உணவையே வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கொடுங்கள். மெல்ல வேண்டியிருக்காது, வாசனையும் எழும்பும். ஒரு நாள் அளவை மூன்று நான்கு வேளையாகப் பிரியுங்கள். ஊறியது மிஞ்சினால் எடுத்துக் கொட்டிவிடுங்கள்.

பல் சரியான பிறகு சிட்டு பழையபடி சாப்பிட்டு, ரத்தமும் சிறுநீரும் நன்றாக இருந்தால், உங்கள் கணவர் சொல்வது சரி, மாற்ற வேண்டாம். மாற்றத்தான் வேண்டும் என்று டாக்டர் சொன்னால் 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கால் பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால். மலம் இளகினால் அந்தப் படியிலேயே இரண்டு நாள் நில்லுங்கள். ஆசையாகச் சாப்பிடட்டும் என்று கொழுப்பான எதையும் மேலே சேர்க்காதீர்கள், சின்ன நாய்களுக்குக் கணைய அழற்சி சுலபமாக வந்துவிடும்.

வாரம் ஒரு முறை எடை பாருங்கள், எப்போதும் ஒரே கருவியில். குழந்தைகளுக்கான எடைக்கருவி கிடைத்தால் நல்லது, 50 கிராம் வித்தியாசம்கூடத் தெரியும். இதற்கிடையில் ஒரு நாள் முழுக்க எதையும் தொடாமல் இருந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே கூட்டிப் போங்கள்.