சூட்டுக்கல்லை இன்றைக்கே எடுத்துவிடுங்க

வணக்கமுங்க. மார்கழிக் குளிருக்குப் பயந்து பியர்டட் டிராகன் என்ற பல்லி வகைப் பிராணியின் தொட்டியில் சூட்டுக்கல் (கரண்டில் சூடாகும் கல்) வைத்ததாகவும், அதன் வயிறு சிவந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அது சூட்டுக்காயமாகத்தான் இருக்கும், மருத்துவரிடம் காட்டிவிடுங்க. ஆஸ்திரேலிய வெயிலில் முதுகு காய்ந்து பழகிய பிராணி அது. அடியில் சுடுவது அதற்குச் சரியாக உறைக்காது. தோல் வெந்தாலும் படுத்தே கிடக்கும்.

கல்லுக்குப் பதிலாக, சூடு தரும் பல்பை மேலே, ஒரு மூலையில் மட்டும் மாட்டுங்க. அதன் கீழே 38 முதல் 42 டிகிரி, எதிர்மூலையில் 25 போல இருக்கட்டும். சூடு மிஞ்சாமல் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். அப்புறம், பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும். நான் பிளாஸ்டிக்கில் மாட்டி, கருகல் வாடை வந்த பிறகுதான் ஓடிப்போய்ப் பார்த்தேன். பல்பைச் சுற்றிக் கம்பிவலையும் போடுங்க.

ராத்திரி 18 டிகிரிக்குக் கீழே இறங்காதவரை எந்தச் சூடும் வேண்டாம். பொள்ளாச்சியில், வீட்டுக்குள், அவ்வளவு இறங்குவது அபூர்வமுங்க.