கையூன்றிய பிறகா கொடுப்பது?

அன்புள்ள அக்கா,

முடிக்கான மருந்து விற்றுப் பெரும் பணக்காரியான அமெரிக்கக் கறுப்புப் பெண் மேடம் சி. ஜே. வோக்கர் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கம். வீட்டோடு ஒரு மில் வைத்து அரிசி மா, மிளகாய்த்தூள், மல்லித்தூள் அரைத்து, பக்கெட் பண்ணிக் கடைகளுக்குப் போடுகிறேன். என்னோடு ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். புது வகுப்புத் தொடங்கும்போது ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்கிக் கொடுப்பேன். இப்போது எங்கள் ஊரில் நின்றுபோன கூத்தைத் திரும்பப் பழக்கப் போகிறார்கள். உடுப்புக்கும் கூத்துப் பழக்குகிற அண்ணாவியாருக்கும் உதவி கேட்டு வந்தார்கள். "முதலில் நீ கையூன்று, பிறகு கர்ணனாகலாம்" என்கிறார் அண்ணா. என் கணவருக்குக் கூத்துக்குக் காசு கொடுப்பதே பிடிக்கவில்லை, கொடுப்பதானால் பள்ளிக்கூடத்துக்குக் கொடு என்கிறார். வோக்கர் கோடீஸ்வரி, கொடுத்தார். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கதையில் என்ன இருக்கிறது? இன்னொன்று: கறுப்புப் பெண்களைத் தங்கள் முடியைப் பார்த்து வெட்கப்பட வைத்துத்தான் அவர் காசு பார்த்தார் என்று என் மகள் சொல்கிறாள். உண்மையா?

க., களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தங்கச்சிக்கு,

கொடுக்கத் தொடங்கியபோது வோக்கர் கோடீஸ்வரி இல்லை. ஊராரின் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். உங்கள் கேள்விக்குப் பதில் அந்தக் காலத்தில்தான் இருக்கிறது, அதனால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

1867இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், டெல்டா என்ற இடத்துப் பருத்தித் தோட்டமொன்றில் பிறந்தார். சொந்தப் பேர் சாரா பிரீட்லவ். தாயும் தகப்பனும் அடிமைகளாக இருந்தவர்கள். அந்தக் குடும்பத்தில் சுதந்திரமாகப் பிறந்த முதல் பிள்ளை இவர். ஏழு வயதில் தாய் தகப்பன் இல்லை. 14 வயதில் கல்யாணம். 20 வயதில் விதவை, கையில் ஒரு பெண்பிள்ளை. அண்ணன்மார் முடிவெட்டும் தொழில் செய்துகொண்டிருந்த சென்ட் லூயிஸ் நகரத்துக்குப் போனார். நாள் முழுக்கத் தோய்த்தால் ஒன்றரை டொலர் அளவில் கிடைக்கும். அதில் மிச்சம் பிடித்து மகளை நொக்ஸ்வில் கல்லூரியில் படிக்க வைத்தார்.

அந்தக் காலத்தில் ஒருநாள் பத்திரிகையில் ஒரு செய்தி. வயதான கறுப்பு மனிதர் ஒருவர், கண் தெரியாத சகோதரியையும் நோயாளி மனைவியையும் வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறார் என்று. அந்தக் குடும்பம் யாரென்றே சாராவுக்குத் தெரியாது. தெரிந்த பெண்களிடமெல்லாம் போய் 3 டொலர் 60 சதம் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். அது காணாது என்று பட்டது. திரும்பவும் ஆட்களைக் கூட்டிச் சாப்பாட்டுச் சாமான் சேர்த்துக் கொடுத்தார். தொழில் தொடங்க முந்திய கதை இது. தன்னிடம் காசு இல்லாவிட்டால் என்ன, நாலு பேரைச் சேர்க்கத் தெரிந்திருந்தது. அந்தக் கைதான் பிறகு கம்பனியையும் கட்டியது என்று நான் நினைக்கிறேன்.

1906 அளவில் டென்வரில் முடி மருந்துத் தொழில், 1910இல் இந்தியானாபொலிஸில் தொழிற்சாலை. அடுத்த வருடமே அந்த ஊரில் கறுப்பு இளைஞர்களுக்குக் கட்டவிருந்த வை.எம்.சி.ஏ. கட்டடத்துக்கு 1,000 டொலர் தருவதாகச் சொன்னார். 1912இல் கறுப்பு வணிகர்களின் தேசிய மாநாட்டில் அவருக்குப் பேச இடம் கொடுக்கவில்லை. எழும்பி நின்று தானாகவே பேசினார்: பருத்திக் காட்டிலிருந்து வந்தவள் நான், அங்கிருந்து தோய்க்கிற தொட்டிக்கும், தொட்டியிலிருந்து குசினிக்கும் உயர்ந்தேன், குசினியிலிருந்து தொழிலுக்கு என்னை நானே உயர்த்திக்கொண்டேன், சொந்த நிலத்தில் சொந்தத் தொழிற்சாலை கட்டியிருக்கிறேன் என்று. அந்த மாநாட்டை நடத்திய புக்கர் டி. வாஷிங்டனே அடுத்த வருடம் அவரைப் பேச அழைத்தார். வாஷிங்டனுடைய டஸ்கீகி கல்லூரியில் பிள்ளைகள் படிக்க வோக்கர் உதவிப்பணமும் கொடுத்தார்.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது 1917. பிலடெல்பியாவில் தன் விற்பனைப் பெண்களைக் கூட்டினார், 200 பேருக்கு மேல். அதிகம் விற்றவர்களுக்குப் பரிசு. சரி, அது எந்தக் கம்பனியும் செய்வதுதான். தங்கள் தங்கள் ஊரில் தருமத்துக்கு அதிகம் கொடுத்தவர்களுக்கும் பரிசு கொடுத்தார். விற்கிற பெண்ணே கொடுக்கிற பெண்ணாகவும் இருக்க வேண்டும் என்பதைத் தொழிலின் விதியாகவே வைத்துவிட்டார். கறுப்பர்களைக் கும்பலாகச் சேர்ந்து கொல்லும் கொடுமையை நிறுத்தச் சொல்லி அந்தக் கூட்டத்திலிருந்து ஜனாதிபதி வில்சனுக்குத் தந்தியும் அடித்தார்கள். 1919இல் அவர் இறந்தபோது, கம்பனியின் வருங்கால இலாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு தருமத்துக்கு என்று உயில் எழுதியிருந்தார்.

அண்ணாவின் பயம் எனக்கு விளங்குகிறது. கிழமைக்குக் கிழமை கடன் வசூலிக்கிறவர்கள் படலையில் வந்து நின்ற வீடுகளை நாங்கள் கண்டிருக்கிறோம். கடன் எடுத்துக் கொடுக்காதீர்கள், மில்லுக்குப் போட்ட முதற்காசில் கை வைக்காதீர்கள். மாத இலாபத்தில் சின்னதாக ஒரு பங்கை ஒதுக்குங்கள். அதை யாருக்குக் கொடுப்பது என்று அந்த ஆறு பெண்களோடும் இருந்து பேசி முடிவெடுங்கள். கொப்பி, சப்பாத்து நல்லதுதான். ஆனால் உயர்தரம் வரைக்கும் வந்த ஒரு பெண்பிள்ளைக்கு இரண்டு வருடம் டியூசன் காசும் பஸ் காசும் தவறாமல் கிடைத்தால் அவள் கம்பஸ் வரைக்கும் போய்விடுவாள். நூறு பேருக்குக் கொப்பி கொடுப்பதைவிட அதைத்தான் நான் பெரிதாக நினைப்பேன்.

மகள் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் குற்றச்சாட்டு அந்தக் காலத்திலேயே கறுப்பு மக்களுக்குள்ளிருந்து வந்ததுதான். தன் மருந்து முடியை நேராக்க அல்ல, தலைத்தோலைச் சுகப்படுத்தி முடி வளர வைக்கத்தான் என்று வோக்கர் சொல்லிவந்தார். அவருடைய முடியும் ஒரு காலத்தில் கொட்டியது. ஆனால் சூடாக்கிய சீப்பும் அவருடைய முறையில் இருந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. அதே முடி மருந்துத் தொழில் செய்த ஆனி மலோன் பற்றியும் மகளை வாசிக்கச் சொல்லுங்கள். வோக்கர் முதலில் அவருடைய விற்பனைப் பெண்ணாகத்தான் இருந்தார். மலோன் 1918இல் சென்ட் லூயிஸில் முடிப் பராமரிப்புத் தொழில் பழக்கும் போரோ கல்லூரியைக் கட்டியவர், அவரும் பெரிய கொடையாளி.

இனிக் கூத்து. இந்தியானாபொலிஸில் ஒரு திரையரங்குக்கு வோக்கர் படம் பார்க்கப் போனார். 10 சத டிக்கெட்டுக்கு, கறுப்பர் என்பதால் 25 சதம் கேட்டார்கள். வழக்குப் போட்டார். அதோடு விடவில்லை, கம்பனிக்குப் புதுக் கட்டடம் கட்டும்போது அதற்குள்ளேயே ஒரு அரங்கும் வேண்டும் என்று திட்டம் போட்டார். அவர் இறந்த பிறகு, 1927இல் அது திறந்தது. அதே காலத்தில் மகள் அலீலியா நியூயோர்க்கின் ஹார்லெமில் தன் வீட்டின் ஒரு பகுதியைக் கவிஞர்களும் ஓவியர்களும் பாட்டுக்காரர்களும் கூடும் இடமாகத் திறந்துவிட்டார். லாங்ஸ்டன் ஹியூஸ் போன்ற கவிஞர்கள் அந்த வட்டத்தில் இருந்தார்கள்.

பள்ளிக்கூடமா கூத்தா என்று உங்கள் கணவர் கேட்பதற்கு எங்கள் மண்ணிலேயே பதில் இருக்கிறது. காரைதீவில் பிறந்த விபுலானந்தர் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடக்கினார். அதே மனிதர்தான் பழந்தமிழர் யாழைப் பற்றி வருடக்கணக்கில் ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை அரங்கேற்றினார். 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார், கர்ணன் போர், இராவணேசன் என்று. அவற்றில் ஆடிய மாணவர் மௌனகுரு பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். அந்த ஆட்டத்தையும் தாளக்கட்டையும் காத்துவைத்திருந்தவர்கள் ஊர் அண்ணாவிமார். அவர்களில் எத்தனையோ பேர் வறுமையோடுதான் போய்ச் சேர்ந்தார்கள், எனக்கு அது இன்றைக்கும் மனக்கஷ்டம்.

உடுப்புக்குக் கொடுப்பதைவிட அண்ணாவியாருக்குக் கொடுங்கள். கரப்புடுப்பு என்கிற விரிந்த கூத்து உடுப்பும் தலையில் வைக்கிற கிரீடமும் வருகிற ஆட்கள் கண்ணில் படும், அதற்குக் காசு சேர்ந்துவிடும். வெளிநாட்டிலிருந்தும் அனுப்புவார்கள். சட்டங்கொடுத்து (ஆடுகிறவர்களுக்கு அவரவர் பாட்டைப் பிரித்துக் கொடுத்து), சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து (முழு ஒத்திகை பார்த்து), அரங்கேற்றம் வரைக்கும் மாதக்கணக்காக இரவிரவாக மத்தளத்தோடு வந்து நிற்கிற மனிதருக்குப் பகலில் வயலோ கூலிவேலையோ இருக்கும். அவருக்கு மாதாமாதம் ஒரு தொகை, கையில், நேரத்துக்கு. பதிலுக்கு ஒன்று மட்டும் கேளுங்கள்: பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் பழக்க வேண்டும், பெண்பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும். இப்போது எங்கள் பெண்கள் கூத்துக் களரியில் நன்றாக ஆடுகிறார்கள், "அது ஆம்பிளைகளின் கூத்து" என்று யாரும் வந்து சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பழகுவதற்கு இடம் இல்லை என்றால் உங்கள் வளவைக் கொடுக்கலாம். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளை பேரில்தானே வரும், உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும். வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் பாடத் தொடங்கினால் உங்கள் கணவரும் வந்து இருந்து பார்ப்பார், அவரோடு சண்டை பிடிக்க வேண்டியிருக்காது.

ஒரு கொப்பியில் கணக்கு எழுதி வையுங்கள், யார் எவ்வளவு தந்தார்கள், யாருக்கு எவ்வளவு போனது என்று. அதை ஆறு பெண்களும் பார்க்கலாம், அண்ணாவும் பார்க்கலாம். சட்டங்கொடுக்கிற நாள் முடிவானதும் எனக்குச் சொல்லுங்கள். அண்ணாவியாருக்கான முதல் மாதக் காசில் பாதி என்னுடையது.

அன்புடன்,
அக்கா